மாடியில் இருந்துகொண்டு கீழ்த்தளத்து வைஃபையை விடாமல் பிடித்திருக்கும் கருவிகள்

கீழே ஹாலில் ஃபைபர் இணைப்போடு வந்த ரூட்டர், மாடிப் படியோரம் தனியாக ஓர் அக்சஸ் பாயின்ட் (ரூட்டரின் இணைப்பை வாங்கி வைஃபையாகப் பரப்பும் பெட்டி), இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். இப்போது நிறைய வீடுகளில் அமைப்பு இதுதான். மாடி அறையில் அக்சஸ் பாயின்ட்டுக்குப் பத்தடி தள்ளி இருக்கும் டிவியோ கேமராவோ அதைக் கண்டுகொள்ளாமல், ஒரு கான்கிரீட் தளத்துக்கும் இரண்டு சுவருக்கும் அப்பால் இருக்கும் ஹால் ரூட்டரோடு ஒட்டிக்கொண்டு திணறும். ரூட்டரையே மாற்றிவிடலாம் என்று கடைக்குப் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அந்தச் செலவுக்குத் தேவையே இருக்காது.

எந்த அக்சஸ் பாயின்ட்டோடு சேர்வது என்று முடிவு செய்வது கருவிதான். ரூட்டருக்கு அந்த அதிகாரம் கிடையாது, வைஃபைக்கான 802.11 தரநிலையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலை ரூட்டர் கொடுக்கலாம் (802.11கே). ‘அங்கே போ’ என்று பரிந்துரைக்கலாம் (802.11வி). கேட்காவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம். அவ்வளவுதான். பட்டியலையும் பரிந்துரையையும் மதிக்காத கருவிகள் ஏராளம். ஆகவே நம் கையில் இருக்கும் வழி, தப்பான அக்சஸ் பாயின்ட் அந்தக் கருவியின் கண்ணுக்கு மோசமாகத் தெரியும்படி செய்வது.

எதைத் தொடுவதற்கு முன்பும், கருவி உண்மையில் எதோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வைஃபை பெயரைப் பார்த்து இது தெரியாது. பிஎஸ்எஸ்ஐடி எனப்படும் 12 இலக்க முகவரியைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும், அதிலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனி முகவரி இருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் ‘வைஃபை வெர்போஸ் லாகிங்’ என்பதை ஆன் செய்தால், வைஃபை பட்டியலிலேயே முகவரியும் சிக்னல் அளவும் வரும். மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தொட்டால் போதும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘netsh wlan show interfaces’ என்று அடிக்கலாம். அது சிக்னலைச் சதவீதத்தில் காட்டும்: பாதியாக்கி 100-ஐக் கழித்தால் ஏறத்தாழ டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) கிடைக்கும், 60% என்றால் −70. டிவி, கேமரா, ஸ்மார்ட் பிளக் போன்றவற்றுக்கு அக்சஸ் பாயின்ட்டின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் கிளையன்ட் பட்டியல்தான் கதி.

இந்தப் பட்டியலைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். கீழே இருப்பவற்றின் ஐபி 192.168.1 என்றும், மாடியில் இருப்பவற்றுக்கு 192.168.0 என்றும் வந்தால், அக்சஸ் பாயின்ட்டாக வைத்த இரண்டாவது ரூட்டர் தன் வான் போர்ட் (வெளி இணைய இணைப்புக்கான போர்ட்) வழியாக இணைக்கப்பட்டு, தனியாக ஒரு நெட்வொர்க் நடத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் போன் சரியாகத் தாவினால்கூட வீடியோ கால் அறுந்துபோகும். பிரிண்டர் ஒரு தளத்தில் தெரியும், மறு தளத்தில் தெரியாது. அதை அக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரூட்டர் என்றால், அதன் முகவரியை 192.168.1.2 என்று வைத்து, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் வசதி) அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். பாதுகாப்பு வகையும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் டபிள்யூபிஏ2, மற்றதில் டபிள்யூபிஏ3 மட்டும் என்றால் பழைய கருவிகளுக்கு இரண்டாவது அக்சஸ் பாயின்ட் இல்லாதது மாதிரிதான்.

இனி போன், லேப்டாப் விஷயம். ஐஃபோன் எப்போது தாவும் என்பதை ஆப்பிளே வெளியிட்டிருக்கிறது. சிக்னல் −70 டிபிஎம்முக்குக் கீழே போனால்தான் வேறொன்றைத் தேடவே தொடங்கும். புதிய அக்சஸ் பாயின்ட்டின் சிக்னல், டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் 8 டெசிபலும், சும்மா இருந்தால் 12 டெசிபலும் கூடுதலாக இருந்தால்தான் மாறும். மேக்குக்கு அந்த எல்லை −75. மாடி அறையில் கீழ் ரூட்டரின் சிக்னல் −66 என்று வருகிறது, பக்கத்து அக்சஸ் பாயின்ட் −45 தருகிறது என்று வையுங்கள். கீழிருந்து ஏறி வந்த ஐஃபோன் −66-லேயே நிம்மதியாக உட்கார்ந்திருக்கும். தேடும் அவசியம் அதற்கு வரவே இல்லையே!

இதற்கு மருந்து, கீழ் ரூட்டரின் டிரான்ஸ்மிட் பவரை (சிக்னலை அனுப்பும் வலு) குறைப்பது. மாடி அறையில் நின்று பார்த்தால் அதன் சிக்னல் −72, −75 அளவுக்கு இறங்க வேண்டும். சதவீதத்தில் அமைப்பு இருந்தால் 50% என்பது 3 டெசிபல் குறைவு, 25% என்பது 6 டெசிபல் குறைவு. 2.4 கிகாஹெர்ட்ஸின் வீச்சு இயல்பிலேயே நீளம் என்பதால், அதை 5 கிகாஹெர்ட்ஸை விட 6 அல்லது 7 டெசிபல் கீழே வையுங்கள். பவரைக் குறைத்தால் வேகம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போனின் டிரான்ஸ்மிட்டர் ரூட்டருடையதை விட வலு குறைந்தது. ரூட்டர் கத்துவது போனுக்குக் கேட்கும். போன் பதில் சொல்வது ரூட்டருக்கு எட்டாது. திரையில் மூன்று கோடு இருக்கும், வாட்ஸ்அப் படம் மட்டும் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பவரைக் குறைப்பது இந்தப் பொய்யான கோடுகளையும் சேர்த்து ஒழிக்கிறது.

இன்டெல் வைஃபை கார்டு உள்ள விண்டோஸ் லேப்டாப்பில், டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘ரோமிங் அக்ரசிவ்னஸ்’ என்று ஐந்து நிலைகள் இருக்கும். நடுவில் இருப்பதை ஒரு படி ஏற்றுங்கள். கடைசி நிலைக்குப் போனால் இரண்டுக்கும் நடுவே தாவிக்கொண்டே இருக்கும். ரூட்டரிலும் அக்சஸ் பாயின்ட்டிலும் 802.11கே, வி இரண்டையும் ஆன் செய்யலாம். தாவுவதை வேகமாக்கும் 802.11ஆர் வேண்டாம் என்பேன்: சாதாரண பாஸ்வேர்ட் வைத்த வீட்டில் அதன் ஆதாயம் சொற்பம், அதை ஆன் செய்ததும் சேர மறுக்கும் பழைய பிரிண்டர்கள் உண்டு.

ஸ்மார்ட் பிளக், பல்பு, கேமரா வகையறா வேறு ஜாதி. இவற்றில் பல ஒருமுறை சேர்ந்தால், இணைப்பு அறும் வரை வேறொன்றைத் தேடவே மாட்டா. சேரும்போதும் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில்லை. இத்தகைய கருவிகள் பலவற்றில் இருக்கும் இஎஸ்பி32 சிப்பின் மென்பொருளில் இயல்பாக இருப்பது ஃபாஸ்ட் ஸ்கேன்: சானல்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போய், பெயர் பொருந்தும் முதல் அக்சஸ் பாயின்ட்டோடு சேர்ந்துவிடும். கீழ் ரூட்டர் சானல் 1-லும் மாடியில் இருப்பது 11-லும் இருந்தால் எது ஜெயிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்மார்ட் பிளக்குகள் அதிகம் இருக்கும் தளத்துக்குச் சானல் 1-ஐக் கொடுத்தாலே சில வீடுகளில் சரியாகிவிடும். கருவியில் டாஸ்மோட்டா என்ற மாற்று மென்பொருளைப் போட்டவர்கள் செட்ஆப்ஷன்56-ஐ 1 ஆக்கினால், ரீஸ்டார்ட் ஆகும்போது வலுவான சிக்னலைப் பார்த்துச் சேரும். செட்ஆப்ஷன்57 ஆனில் இருந்தால் 44 நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி தேடும். இரண்டுக்கும் வைஃபை பெயர் மறைக்கப்படாமல் இருக்க வேண்டும். ஈஎஸ்பிஹோம் என்ற இன்னொரு மாற்று மென்பொருளில் ‘ஃபாஸ்ட் கனெக்ட்’ ஆனில் இருந்தால் அணையுங்கள்.

மென்பொருளைத் தொட முடியாத கடைச் சரக்குக்கு ஒரு எளிய வழி: தப்பான ரூட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டும் ஐந்து நிமிடம் அணைத்து வையுங்கள். கருவிகள் வேறு வழியில்லாமல் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். பிறகு ஆன் செய்தாலும் திரும்பி வராது; எந்தப் பிடிவாதம் தொல்லை கொடுத்ததோ அதுவே இப்போது உதவுகிறது. நிரந்தரமாகக் கட்டிப்போட யூனிஃபை அக்சஸ் பாயின்ட்டுகளில் ‘லாக் டு ஏபி’ இருக்கிறது. டிபி-லிங்க் டெக்கோவில் அந்தக் கருவிக்கு மட்டும் ‘மெஷ் டெக்னாலஜி’யை அணைத்துவிடலாம்.

கேமராவை இதில் முதலில் கவனியுங்கள். −80-ல் தொங்கும் கேமரா, 20 மெகாஹெர்ட்ஸ் சானலில் 6.5 எம்பிபிஎஸ் என்ற அடிமட்ட வேகத்துக்கு இறங்கிவிடும். அதில் 2 எம்பிபிஎஸ் வீடியோவை அனுப்ப, இடைவெளிகளையும் சேர்த்து, அந்தச் சானலின் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதுவே எடுத்துக்கொள்ளும். அதே சானலில் இருக்கும் மற்ற எல்லாக் கருவிகளும் மிச்சத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அக்சஸ் பாயின்ட்டில் இருக்கும் மினிமம் ஆர்எஸ்எஸ்ஐ (குறைந்தபட்ச சிக்னல்) என்ற வசதி, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போன கருவியைத் துண்டித்துவிடும். இதைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அங்கே கணக்கில் வருவது கருவியின் சிக்னல் அக்சஸ் பாயின்ட்டுக்குக் கேட்கும் அளவு. போனில் நீங்கள் பார்க்கும் எண்ணை விட அது குறைவாகவே இருக்கும். −80-ல் தொடங்கி, ஓரிரு நாள் விட்டு −77, −75 என்று ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் −65 என்று வைத்தால், வீட்டு மூலையில் வேறு போக்கிடம் இல்லாத கருவி சேர்வதும் உதைபடுவதுமாகவே இருக்கும். ஸ்மார்ட் பிளக்குகளுக்குத் தனியாக 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு வைஃபை பெயர் வைத்து, இந்த விதி அதற்குப் பொருந்தாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

டிவிக்குக் கேபிள் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள். பல டிவிகளில் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் போதும், ஆகவே அது குறையே இல்லை.

எல்லாம் சரிசெய்த பிறகும் வாரம் ஒருமுறை பழைய நிலைக்குத் திரும்புகிறது என்றால், கரண்ட் கட்டைச் சந்தேகப்படுங்கள். ஹால் ரூட்டர் இன்வெர்ட்டரில் இருக்கும், மாடி அக்சஸ் பாயின்ட் இருக்காது. கரண்ட் போனதும் மாடியில் இன்வெர்ட்டரிலும் பேட்டரியிலும் ஓடுபவை எல்லாம் கீழே தாவிவிடும். கரண்ட் வந்ததும் பிளக்குகள் சில நொடிகளில் விழித்துக்கொள்ளும். அக்சஸ் பாயின்ட் எழுந்திருக்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் எல்லாம் கீழே சேர்ந்து முடிந்திருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையிலான சானல்களில் வைத்திருந்தால், ரேடார் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் 60 நொடியாவது கூடும். 36–48 அல்லது 149–161 வைத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. இரண்டு பெட்டிகளையும் ஒரே இன்வெர்ட்டர் லைனில் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் மாடிக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கலாம். அடாப்டரில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதற்குக் குறையாததாகப் பார்த்து வாங்குங்கள். பிஓஇ முறையில் நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் போகும் அக்சஸ் பாயின்ட் என்றால், பேக்கப் கொடுக்க வேண்டியது அந்த மின்சாரத்தை அனுப்பும் இன்ஜெக்டருக்கோ ஸ்விட்சுக்கோதான்.