லண்டன் நடுவில் ஸ்ரூடியோ எடுப்பதற்கு முன்

அக்காவின் மகளுக்கு லண்டனில் கிங்ஸ் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, அது ஒரு பல்கலைக்கழகம்) முதுமாணிப் படிப்புக்கு இடம் கிடைத்ததில் இருந்து எங்கள் வீட்டில் வேறு கதை இல்லை. படிப்புக் கட்டணம் முதலே தெரிந்த தொகை, அதற்கு ஏதோ ஒழுங்கு செய்தாயிற்று. எங்கே தங்குவது என்ற கேள்விக்குத்தான் ஆளுக்கொரு பதில். அக்காவுக்குக் காவல் உள்ள கட்டடம் வேண்டும், அத்தானுக்குக் கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாமில் தெரிந்த ஆட்களின் வீடு வேண்டும், பெறாமகளுக்கு நகர நடுவில் தளபாடத்தோடு ஒரு ஸ்ரூடியோ, அதாவது சமையலும் குளியலறையும் உள்ளுக்குள்ளேயே இருக்கிற தனி அறை. யாழ்ப்பாணத்தில் இருந்து இந்த வருஷம் நிறையப் பிள்ளைகள் போகிறார்கள், எல்லா வீட்டிலும் இதே கதை நடக்கும் என்றுதான் நாங்கள் தேடி அறிந்ததை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காணி விற்ற காசில் போகிற பிள்ளைக்கு லண்டன் நடுவில் தனி ஸ்ரூடியோ தேவையில்லை, பல்கலைக்கழகத்தின் சொந்த விடுதியில் சமையலறை பகிரும் அறைதான் நல்லது.

பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புகிற இங்குள்ள ஏஜென்சியில் முதலில் காட்டியது ஸ்ரூடியோ படங்களைத்தான். பெரிய கட்டில், சுவர் அகல யன்னல், கீழே ஜிம், படம் பார்க்கும் அறை, மொட்டை மாடியில் கதிரைகள். விலை 420 பவுண்ஸ் என்று போட்டிருந்தது. நாங்கள் மாத வாடகைக்குப் பழகிய ஆட்கள், கண் தானாக அதை மாதத்துக்கு என்றுதான் வாசிக்கும். அது வாரத்துக்கு. ஒப்பந்தம் 51 வாரம். பெருக்கினால் 21,420 பவுண்ஸ், ஒரு பவுண்ஸை 400 ரூபா என்று வைத்தாலே 85 இலட்சத்து 68 ஆயிரம். அத்தான் அதைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

இது எவ்வளவு அதிகம் என்று விளங்க ஒரு கணக்கு உதவும். யூனிபோல் என்ற மாணவர் தங்குமிட அமைப்பும் அங்குள்ள உயர்கல்விக் கொள்கை நிறுவனமும் 2024 இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. லண்டனில் மாணவர்களுக்கென்றே கட்டிய விடுதிகளின் சராசரி ஆண்டு வாடகை 2024/25 இல் 13,595 பவுண்ஸ் என்கிறது அது. இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு லண்டனில் வாழ அரசாங்கம் கொடுக்கிற ஆகக்கூடிய கடன் அந்த வருஷம் 13,348 பவுண்ஸ். அதாவது அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கே சராசரி அறை எட்டவில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்ததோ அந்தச் சராசரியை விட ஒன்றரை மடங்குக்கும் மேலே.

"அவள் பகுதி நேர வேலை செய்து கட்டுவாள்தானே" என்று ஏஜென்சியில் மிகச் சாதாரணமாகச் சொன்னார்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். 2026 ஏப்ரலில் இருந்து 21 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 12.71 பவுண்ஸ். முழு இருபது மணித்தியாலமும் கிடைத்தாலும் 254 பவுண்ஸ், அந்த ஸ்ரூடியோ வாடகையில் முக்கால்வாசி கூட இல்லை, சாப்பாட்டை இன்னும் எண்ணவே இல்லை. போன முதல் மாதமே வேலை கிடைக்கும் என்று எவரும் உறுதி தரவும் முடியாது. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே பிள்ளைகளிடம் அப்படிச் சொல்வது சரியில்லை. மாணவர் தங்குமிடங்களைப் பதிவு செய்து கொடுக்கிற இணையத்தளங்கள் ஏஜென்சிகளுக்குக் கொமிஷன் கொடுப்பது வழக்கம், கூடின வாடகை என்றால் கொமிஷனும் கூடும். அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

படத்தை நம்பாமல் ஆளை அனுப்பிப் பார்த்தது நல்லதாய்ப் போயிற்று. லண்டனில் இருக்கிற மச்சாள் ஒருத்தி வேலை முடிந்து போய் வட்ஸ்அப் வீடியோவில் அந்த அறையைக் காட்டினாள். கதவைத் திறந்ததும் இடப்பக்கம் குளியலறை, அதைத் தாண்டினால் இரண்டு மின்னடுப்பு, அடுத்த எட்டில் கட்டில். கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினால் பிரிட்ஜைத் திறக்கலாம். படத்தில் சுவர் அகலத்துக்குத் தெரிந்த யன்னலை மச்சாள் திறந்து காட்டினாள். ஒரு சாண் கூடத் திறக்கவில்லை, ஆள் விழாமல் இருக்கக் கொக்கி போட்டுத் தடுத்திருக்கிறார்கள், உயரமான கட்டடங்களில் அது வழமைதானாம். அடுப்புக்கு மேலே இருந்த புகை உறிஞ்சியும் புகையை வெளியே விடுகிற வகை இல்லை, வடிகட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிற வகை. அந்த அறையில் செத்தல் மிளகாயும் கடுகும் வெங்காயமும் தாளித்தால் என்ன நடக்கும் என்று சமைக்கிற ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தலையணை, குளிர்கோட்டு, புத்தகம் எல்லாம் மணக்கும், அதோடு தீ எச்சரிக்கை மணியும் அடித்தால் கட்டடத்தில் உள்ள எல்லோரும் பனிக்குள் இறங்கி நிற்கவேண்டியதுதான். பெறாமகள் அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கினாள்.

தளபாடத்தோடு என்ற சொல்லுக்குள் என்ன அடங்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொதுவாகக் கட்டில், மெத்தை, மேசை, கதிரை, அலுமாரி, அவ்வளவுதான். படுக்கை விரிப்பு, தலையணை, குளிருக்குப் போர்க்கிற தடித்த போர்வை, சட்டி பானை, கோப்பை, கரண்டி ஒன்றும் இராது. மின்சாரம், தண்ணீர், இணையம் பெரும்பாலும் வாடகைக்குள் வரும். துணி கழுவுவதற்குத் தனிக் காசு.

இப்போது ஒப்பந்தம். வாடகையை விட எனக்குப் பயம் தந்தது இதுதான். 51 வார ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தால் 51 வாரக் காசும் கடன்தான். இடையில் வேறு இடம் போகவேண்டி வந்தால் அந்த அறைக்கு இன்னொரு மாணவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால்தான் விடுதலை. இங்கிலாந்தில் 2025 இல் வாடகையாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது, 2026 மே 1 முதல் சாதாரண தனியார் வாடகை வீடுகளில் கால எல்லை போட்ட ஒப்பந்தம் கிடையாது, இரண்டு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு வெளியேறலாம், ஒரு மாதத்துக்கு மேல் முற்பணமாக வாடகை கேட்கவும் முடியாது. நல்ல சட்டம். ஆனால் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட நடத்தைக்கோவையில் சேர்ந்திருக்கிற மாணவர் கட்டடங்களுக்கு இதில் இருந்து விலக்கு உண்டு, பல்கலைக்கழக விடுதிகளுக்கும் பொருந்தாது. ஆகவே சட்டம் மாறிவிட்டது, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வரலாம் என்று எவராவது சொன்னால் எந்த வகை இடத்தைச் சொல்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

பிணையாளி விஷயமும் இருக்கிறது. தனியார் கட்டடங்கள் பல, தவணையில் வாடகை கட்டவேண்டுமென்றால் பிரித்தானியாவில் வேலையோடு இருக்கிற ஒருவர் பிணை நிற்கவேண்டும் என்கின்றன, இல்லாவிட்டால் பெருந்தொகையை முன்னுக்கே கட்டச் சொல்கின்றன. பிணை நிற்பது என்றால் சும்மா பெயர் கொடுப்பது என்று இங்கே பலர் நினைக்கிறோம். பிள்ளை கட்டாவிட்டால் அந்த மனுசன்தான் கட்டவேண்டும். இருபது வருஷம் இரவும் பகலும் நின்று வேலை செய்து வீடு வாங்கிய ஒரு சித்தப்பாவிடம் போய் 21,000 பவுண்ஸுக்குக் கையெழுத்து கேட்க எனக்கு மனம் வரவில்லை.

பல்கலைக்கழக விடுதிப் பக்கம் என்னைத் திருப்பியது விசாக் கணக்கு. 2025 நவம்பர் 11 முதல் லண்டனில் படிக்கப் போகிறவர்கள் மாதத்துக்கு 1,529 பவுண்ஸ் வீதம் ஒன்பது மாதத்துக்கு, அதாவது 13,761 பவுண்ஸ் வாழ்க்கைச் செலவுக்கு வங்கியில் காட்டவேண்டும், அது 28 நாள் தொடர்ந்து குறையாமல் கிடக்கவேண்டும். பல்கலைக்கழகத்தின் தங்குமிடத்துக்கு முன்கூட்டிக் கட்டிய காசில் 1,529 பவுண்ஸ் வரை இந்தத் தொகையில் கழிக்கலாம். தனியார் ஸ்ரூடியோவுக்குக் கட்டிய காசைக் கழிக்க முடியாது, எவ்வளவு கட்டினாலும் சரி, 13,761 உம் அப்படியே இருக்கவேண்டும். எங்கள் கணக்கில் இது 6 இலட்சம் ரூபாவுக்கு மேல் வருகிற வித்தியாசம். நகையை வங்கியில் வைத்துக் காசு சேர்க்கிற குடும்பத்துக்கு 6 இலட்சம் என்றால் இன்னும் இரண்டு சோடி காப்பு.

அத்தான் சொன்ன ஈஸ்ட்ஹாமையும் தள்ளிவிட முடியாது. கடை, கோயில், எங்கட ஆட்கள் எல்லாம் காலடியில். டிஸ்ட்ரிக்ட் பாதை ரயிலில் ஏறினால் மாறாமல் ரெம்பிள் நிலையத்தில் இறங்கலாம், கல்லூரி அங்கிருந்து நடைதூரம். ஓர் அறை மாதம் 750 பவுண்ஸ் என்று மச்சாள் விசாரித்துச் சொன்னாள். வருஷத்துக்கு 9,000. லண்டனில் ரயில் கட்டணத்துக்காக நகரை நடுவில் இருந்து வலயங்களாகப் பிரித்திருக்கிறார்கள்; மூன்றாம் வலயம் வரையான மாதாந்தப் பயண அட்டை 200 பவுண்ஸ் அளவில் வருகிறது, மாணவர் ஒய்ஸ்டர் அட்டை எடுத்தால் அதில் 30 வீதம் குறையும். போக்குவரத்தையும் சேர்த்தாலும் ஸ்ரூடியோவின் காசில் ஏறக்குறைய பாதியோடு முடிந்துவிடும்.

ஆனால் அந்த அறைகள் அனேகமாக வீட்டுக்காரரும் கூடவே இருக்கிற வீடுகள். அப்படியான இடத்தில் பிள்ளை வாடகையாளர் இல்லை, சட்டப்படி தங்குநர்தான். சாதாரண வாடகை வீடென்றால் 2019 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வார வாடகைக்கு மேல் வைப்புப்பணம் வாங்கக்கூடாது, வேறொரு சட்டப்படி அதை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டமொன்றில் போடவேண்டும். தங்குநரின் வைப்புப்பணத்தை அப்படிப் போடவேண்டிய கட்டாயம் வீட்டுக்காரருக்கு இல்லை, குறுகிய அறிவித்தலில் வெளியேறச் சொல்லவும் முடியும். நல்ல மனிதராக இருந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் பரீட்சை நேரத்தில் பெட்டியைக் கட்டவேண்டி வந்தால் தாங்குகிற நிலையில் பிள்ளை இருக்காது. முழுநேர மாணவர்கள் மட்டும் இருக்கிற வீட்டுக்கு மாநகர வரி இல்லை, வேலை செய்கிறவர்களோடு பங்கு போட்டு இருந்தால் அந்த வரி வாடகைக்குள் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் வீட்டைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஹரோவில் அத்தானின் தம்பி குடும்பம் "இங்க வரட்டும், காசு ஒண்டும் வேண்டாம்" என்று மனதாரச் சொன்னது. அந்த அன்புக்கு நன்றி. ஆனால் காசு வாங்காத வீட்டில் பிள்ளை வேறு விதத்தில் கணக்குத் தீர்க்கப் பார்ப்பாள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள், சமைப்பாள், நூலகத்தில் இருந்து இரவு பத்து மணிக்கு வரக் கூச்சப்படுவாள். முதுமாணி ஒரே ஒரு வருஷம். முதல் இரண்டு வாரம் அங்கே நிற்கட்டும், பிறகு சனி ஞாயிறு போய் வரட்டும் என்று அக்காவே தீர்மானித்தாள்.

அக்காவின் பயத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. "வாசல்ல ராத்திரியும் ஆள் இருக்கும் எண்டாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்றாள். இங்கே யாழ் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் திருநெல்வேலியிலும் கந்தர்மடத்திலும் வன்னியில் இருந்தும் மட்டக்களப்பில் இருந்தும் வந்து அறை எடுத்துப் படிக்கிற பெண் பிள்ளைகளின் தாய்மாரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். வீட்டுக்காரம்மா எப்படி, படலை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று. பல்கலைக்கழக விடுதிகளிலும் இரவுக் காவலும் உதவிக்கு ஆட்களும் உண்டு என்று விளங்கியதும் அக்காவுக்கும் ஸ்ரூடியோ மேல் இருந்த பிடி விட்டுப்போயிற்று.

நாங்கள் தெரிவு செய்தது கிங்ஸின் சம்பியன் ஹில் விடுதி, அது டென்மார்க் ஹில் பக்கம், இரண்டாம் வலயத்தில் இருக்கிறது. பக்கத்தில் கம்பர்வெல்லில் 68 ஆம் இலக்க பஸ் எடுத்தால் வாட்டலூ பாலம் தாண்டி ஒல்ட்விச் வரை போகும், கல்லூரி வாசல் என்றே சொல்லலாம். பகிரும் சமையலறையில் பிரிட்ஜில் ஒரு தட்டுத்தான் கிடைக்கும், மற்றவர்கள் கழுவாமல் விட்ட சட்டியையும் சகிக்கவேண்டும். அதற்கு ஈடாக, தெரியாத நாட்டில் முதல் குளிர்காலத்தில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிற நேரம், சோறு போடும்போது எதிரில் இன்னொரு மனிதமுகம் இருக்கும். தனி ஸ்ரூடியோவில் அதுதான் இல்லை. ஒரு வாரம் எவரோடும் கதைக்காமல் இருந்தாலும் எவருக்கும் தெரியாது.

விண்ணப்பம் போட்டாயிற்று, முதல் தெரிவு அது, இரண்டாவது இன்னொரு விடுதி, இரண்டும் கிடைக்காவிட்டால் ஈஸ்ட்ஹாம் பக்கம் மாணவர்கள் மட்டும் இருக்கிற வீடு. கட்டுவதற்கு முன் பெறாமகள் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாள்: விசா மறுக்கப்பட்டால் முழுக் காசும் திரும்புமா, எத்தனை நாளுக்குள் அறிவிக்கவேண்டும், எந்தக் கடிதம் அனுப்பவேண்டும், படிப்பை இடையில் நிறுத்தவேண்டி வந்தால் வாடகை எந்தத் திகதியோடு நிற்கும். இதே நாலு கேள்வியையும் ஏஜென்சி மூலம் இல்லாமல் நீங்களே நேரடியாக அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு காசைக் கட்டுங்கள்.