நோன்பும் மாத்திரையும்

அக்டோபர் 16
என் சர்க்கரை நோய்க்கு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை கேதார கௌரி நோன்பு, சாயங்காலம் படைக்கிற வரைக்கும் தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது என்றதும், அவர் அதிரசத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, மாத்திரைச் சீட்டைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார். நான் காலையில் போடும் கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும், வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்காது. அன்று காலை அது வேண்டாம், இன்னொரு மாத்திரையான மெட்ஃபார்மின் மட்டும் ராத்திரி சாப்பாட்டோடு போதும் என்றார். இது எனக்குச் சொன்னது, உங்களுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வரும் வழியில் துணிக்கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் கால் வைக்க இடமில்லை.

அக்டோபர் 18
அதிரச மாவு கிளறியாயிற்று. பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் இறக்குவதற்குள் நாத்தனார் போன். "வெல்லம்தானே அண்ணி, ரெண்டு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது." இந்த வெல்லக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ! வெல்லத்திலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், கூடவே பச்சரிசி மாவு வேறு.

அக்டோபர் 20
தீபாவளி. நோன்பு முடியாமல் எங்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டோம், அதனால் இட்லி, வடை, சாம்பார். லேகியம் சுண்டைக்காய் அளவு (மருந்து என்று சொல்லி உருண்டை உருண்டையாக முழுங்குகிறவர்களை என்ன சொல்ல, அதிலும் வெல்லம்தான்). சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் சர்க்கரை 196. 180-க்குள் நின்றிருக்கலாம். மதியம் சோற்றைக் குறைத்துக் கூட்டை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அக்டோபர் 21
மூன்று மணிக்கு எனக்கு 96. சாயங்காலம் தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூட்டம், எல்லார் தட்டிலும் 21 அதிரசம், வெற்றிலை பாக்கு, நோன்புக் கயிறு. எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கழுத்தெல்லாம் வியர்வை, கை நடுங்கித் தட்டிலிருந்த வாழைப்பழம் கீழே உருண்டது.
"காலைல மாத்திர போட்டியாக்கா?"
"அத எப்படிம்மா விடுறது?"
பையில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருந்தது. 58. எழுபதுக்குக் கீழே போய்விட்டால் வேடிக்கை பார்க்கக் கூடாது. யாரோ ஓர் அம்மா அதிரசத்தை நீட்டினார், நான் தடுத்துவிட்டேன், எண்ணெயில் பொரித்தது, கொழுப்பு இருந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். டீக்கடையில் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாங்கி வந்தால், படைக்காமல் வாயில் வைக்க மாட்டேன் என்று அக்கா ஒரே அடம். "ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, குடி தாயி" என்று பூசாரி அதட்டிய பிறகுதான் குடித்தார். 15 நிமிடத்தில் 87. அதோடு விடவில்லை, உட்கார வைத்து இரண்டு இட்லியும் சாப்பிட வைத்தோம், மாத்திரை உள்ளே வேலை பார்த்துக்கொண்டுதானே இருக்கும், மறுபடி இறங்கலாம்.

அக்டோபர் 22
வெறும் வயிற்றில் 124. நேற்று படையல் முடிந்து ஓர் அதிரசம் சாப்பிட்டேன், அதற்கு ஓர் இட்லி கழிவு. மிச்சத்தை நாத்தனார் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டேன். சாயங்காலம் அக்காவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் காலையிலிருந்து "ஸ்வீட்ட கொற, ஸ்வீட்ட கொற" என்று திட்டிக்கொண்டே இருக்கிறார், நேற்று மயக்கம் வரும்வரை அக்கா ஒரு துண்டு இனிப்பும் தொடவில்லை என்று சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்.