இடுப்பு எலும்பு முறிந்தால் கட்டிலோடு கிடக்க வேண்டுமா?

எங்கள் சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பாட்டிகள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அதே தெருக்களில்தான், வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, ஆபரேஷன் செய்யாமலே கட்டிலோடு கிடந்து போய்ச் சேர்ந்த பாட்டிகளும் இருந்தார்கள். கண்ணுக்கு அனுப்புகிற வீடுகள் இடுப்புக்கு மட்டும் ஏன் தயங்குகின்றன? அப்பத்தா விழுந்ததிலிருந்து எனக்கு இதே யோசனைதான்.

அப்பத்தாவுக்கு 78 வயது. கொல்லையில் துணி அலசிவிட்டு எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தூக்கிப் படுக்கவைத்தபோது வலது பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, அந்தக் கால் மற்றதைவிடக் குட்டையாகவும் தெரிந்தது. இடுப்பு முறிவு என்பது தொடை எலும்பின் மேல்முனை முறிவதுதான்; அப்படி முறிந்தால் பெரும்பாலும் கால் இப்படித்தான் இருக்கும். வீட்டுக்குள் அதற்குள் பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. "இந்த வயசுல எதுக்கு அவங்க மேல கத்தி வைக்கணும்? மயக்க ஊசியைத் தாங்குவாங்களா? புத்தூர் கட்டு போட்டுப் பாப்போம்" என்றார் பெரியப்பா. அப்பத்தாவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர் அவர். ஆபரேஷன் மேசையிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துதான் அப்படிச் சொன்னார்.

ஆனால் பயப்பட வேண்டியது படுக்கைக்குத்தான். கை முறிந்தால் கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். இடுப்பை அப்படிக் கட்டி நிறுத்த முடியாது. வலியில் புரண்டுகூடப் படுக்க முடியாமல் கிடக்கும் முதியவருக்கு முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா வரும், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். உயிர் போவது பெரும்பாலும் இவற்றால்தான். அதனால்தான் இந்த முறிவுக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடப் பார்க்க வேண்டும் என்று எலும்பு மருத்துவர்கள் சொல்கிறார்கள். முழு மயக்கம்கூடப் பல பேருக்குத் தேவைப்படாது; முதுகில் ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும். டாக்டர் இதைப் பெரியப்பாவிடம் பொறுமையாக விளக்கிய பிறகுதான் அவர் கையெழுத்துப் போட்டார்.

லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 500 கோடிப் பேருக்குத் தேவையான நேரத்தில் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சை எட்டவில்லை என்றது. ஆபரேஷன் வசதியுள்ள மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடிய வேண்டும் என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று. 108 வண்டி வந்து எங்களை அதற்கு முன்பே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது. எல்லா இழுபறியும் மருத்துவமனைக்கு உள்ளேதான். காப்பீட்டு அட்டைக்குக் கைரேகை கேட்டார்கள். காலமெல்லாம் நாற்று நட்டு, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்களில் ரேகை எங்கே இருக்கும்? இயந்திரம் திரும்பத் திரும்பச் சிவப்பு காட்டியது. அப்புறம் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்க ஒரு வரிசை, ரத்தம் ஏற்பாடு செய்ய ஓர் அலைச்சல். எல்லாம் கூடிவந்த நாளில் பைக் விபத்தில் சிக்கிய பையன்கள் வந்துவிட்டார்கள், பட்டியலில் அப்பத்தா பெயர் கீழே போய்விட்டது. மறுநாளும் அதே கதை. அந்தப் பையன்களைக் காக்கவைக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பின்னால் தள்ளப்படுவது வயதானவர்தான் என்பதை அந்த வார்டில் உட்கார்ந்து பார்த்தேன். அவர்கள் சத்தம் போட மாட்டார்கள், கேட்டால் "நாளைக்குப் பண்ணட்டும்யா" என்பார்கள்.

கண் ஆபரேஷனும் ஒரு காலத்தில் எளிதில் கிடைத்ததில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆபரேஷன் இலவசம் என்று அறிவித்தால் மட்டும் கூட்டம் வந்துவிடாது என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். பஸ் காசு, சாப்பாடு, கூடப் போக ஆள் எல்லாம் வேண்டுமே. அதனால் கண் பரிசோதனை முகாமிலிருந்து பஸ்ஸில் அழைத்துப்போய், தங்கவைத்து, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்து ஊரில் கொண்டுவந்து இறக்கினார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் 1992-ல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இங்கேயே மலிவாகத் தயாரித்தார்கள். அப்பத்தாவும் அப்படி முகாம் பஸ்ஸில் போய் வந்தவர்தான். அன்று யாரும் அவர் வயதைப் பேசவில்லை.

இடுப்பு எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது, அதற்கு முகாம் போட முடியாது. சரி, மற்றதைச் செய்யலாமே. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது, மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. காசுக்கு ஒரு வழி கிடைத்தாலும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ரேகை விழாதவர்களுக்கு உடனடி மாற்று வழி வேண்டும். எங்களுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாவுக்கு மகன் திருப்பூரில், மகள் சிங்கப்பூரில். மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் வாழ்கிறவர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்து எப்படி வைத்துக்கொள்வார்?

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அப்பத்தாவை வாக்கரைப் பிடிக்கவைத்து நிற்கவைத்தார்கள். இப்போது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்து போகிறார். வீட்டுக்கு வர முடிகிற அரசால் ஆபரேஷன் தியேட்டர் பட்டியலிலும் ஓர் இடம் ஒதுக்க முடியும். தினமும் முதல் ஆபரேஷன் இடுப்பு முறிந்த முதியவருக்கு என்று ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் எழுதி ஒட்டட்டும். அடுத்த கிராமசபையில் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறேன். பெரியப்பாதான் முதல் கையெழுத்து.