2,500 ரூபாய்ச் சேலைக்கு வங்கியில் வந்தது 2,441: பேமெண்ட் கேட்வே கட்டணத்தைப் புரிந்துகொண்ட அனுபவம்

மதுரையில் அம்மாவும் நானும் கைச்சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். துணியை முடிச்சுக் கட்டும் பெண்களின் வீடுகளுக்குக் கொடுத்து, முடிச்சு விழுந்ததும் சாயத்துக்கு அனுப்பி, உலர்ந்து வந்ததைப் பிரித்து மடிக்கும் வரை எல்லாம் அம்மாவின் பொறுப்பு. படம் எடுப்பது, இணையதளத்தில் ஏற்றுவது, கூரியர், கணக்கு ஆகியவை என் பொறுப்பு. ஒரு சேலையின் விலை கூரியரும் ஜிஎஸ்டியும் சேர்த்து 2,500 ரூபாய். எல்லாச் செலவும் போக எங்கள் கையில் நிற்பது சேலைக்கு ஏறத்தாழ 300 ரூபாய்.

இணையதளத்தில் பணம் பெறுவதற்காக பேமெண்ட் கேட்வே வசதி தரும் ஒரு பேமெண்ட் நிறுவனத்தில் பதிவு செய்தோம். பான் கார்டு, ஜிஎஸ்டி சான்று, நடப்புக் கணக்கின் ரத்து செய்த காசோலை ஆகியவற்றைக் கொடுத்து, தளத்தில் பணம் திருப்பித் தரும் விதிமுறையையும் தொடர்பு முகவரியையும் எழுதி வைத்ததும், ஒரு வாரத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. அவர்களுடைய விலைப் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 2 சதவீதம். 2,500 ரூபாயில் 50 ரூபாய் போகும் என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மாவும் சரி என்றார்.

முதல் சில வாரங்கள் நான் எதையும் சரிபார்க்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியிலிருந்து 9,675 ரூபாய் 50 காசு வரவு என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஐந்து சேலைகள் விற்றிருந்தன. அம்மா தம் நோட்டில் 12,500 என்று எழுதியிருந்தார். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மூவாயிரத்துக்குக் கிட்டக் குறையுதே, இதை யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. பதில் கண்டுபிடிக்க எனக்கு நான்கு இரவுகள் ஆயின.

குறைந்த தொகை 2,824 ரூபாய் 50 காசு. இரண்டு சதவீதம் என்றால் 250 ரூபாய்தான் குறைந்திருக்க வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் செட்டில்மெண்ட் அறிக்கை என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் திறந்து பார்த்தேன். வங்கிப் புத்தகத்தில் ஒரே வரியாக வரும் தொகையை, அந்த வரியிலுள்ள யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) வைத்துத் தேடினால், அது எந்தெந்த ஆர்டர்களின் கூட்டுத்தொகை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பது வரிவரியாகக் கிடைக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு வேலை பாதியாகக் குறைந்தது.

அறிக்கையில் ஐந்து வரவுகளுக்குக் கீழே ஆறாவதாகக் கழிவு என்று ஒரு பதிவு இருந்தது. அதற்கு முந்தைய வாரம் நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சேலைக்கான 2,500 ரூபாய் அது. பணத்தைத் திருப்பித் தரும் பொத்தானை நான்தான் அழுத்தியிருந்தேன். அது எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போகும் என்று நினைத்திருந்தேன், ஆனால் அடுத்து வரவேண்டிய பணத்திலேயே கழித்துக்கொள்கிறார்கள். பெரும் பகுதி விளங்கிவிட்டது. மீதமிருந்தது 324 ரூபாய் 50 காசு.

நான்கு ஆர்டர்களுக்குக் கட்டணம் 59 ரூபாய் என்றும் ஓர் ஆர்டருக்கு மட்டும் 88 ரூபாய் 50 காசு என்றும் இருந்தது. 59 என்பது 50 ரூபாய்க் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியான 9 ரூபாயும் சேர்ந்தது. விலைப் பக்கத்தில் 2 சதவீதத்துக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில் வரி தனி என்று எழுதியிருந்ததை அதற்குப் பிறகே கவனித்தேன். ஆகவே உண்மையில் கழிவது 2.36 சதவீதம்.

88 ரூபாய் 50 காசுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. அந்தச் சேலை போனது திருநெல்வேலிக்கு. அதற்கு மட்டும் ஏன் கூடுதல் என்று கேட்டு எழுதினேன், கார்டு வெளிநாட்டில் வழங்கப்பட்டது என்று பதில் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் திருநெல்வேலியில் இருக்கும் தாய்க்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். சேலை எங்கே போகிறது என்பதற்கும் கட்டணத்துக்கும் தொடர்பே இல்லை, கார்டை எந்த நாட்டு வங்கி வழங்கியது என்பதைத்தான் பார்க்கிறார்கள். அத்தகைய கார்டுகளுக்கு எங்கள் ஒப்பந்தப்படி 3 சதவீதம்: 75 ரூபாயும் அதன்மேல் வரி 13 ரூபாய் 50 காசும். நான்கு 59களையும் இதையும் கூட்டினால் 324 ரூபாய் 50 காசு. காசு பிசகாமல் கணக்கு நின்றபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

இந்த 50 ரூபாய் ஒரே ஒருவருக்குப் போவதில்லை என்பதை அடுத்த நாட்களில் படித்துத் தெரிந்துகொண்டேன். கிரெடிட் கார்டு என்றால் அதில் பெரும் பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. இதற்கு இண்டர்சேஞ்ச் என்று பெயர். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு வலையமைப்புக்கு ஒரு சிறு பங்கும், எங்களுக்காகப் பணத்தைப் பெறும் வங்கிக்கு ஒரு பங்கும் போக, மீதிதான் பேமெண்ட் நிறுவனத்துக்கு நிற்கிறது. கிரெடிட் கார்டுக் கட்டணத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதிக்கவில்லை. டெபிட் கார்டுக்கு விதித்திருக்கிறது. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள உத்தரவின்படி, முந்தைய ஆண்டில் 20 லட்சம் ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரிகளிடம் இணையவழி டெபிட் கார்டுப் பரிவர்த்தனைக்கு எம்டிஆர் எனப்படும் வியாபாரிக் கட்டணம் 0.40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு பரிவர்த்தனைக்கு 200 ரூபாயையும் தாண்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட வியாபாரிகளுக்கு 0.90 சதவீதம், 1,000 ரூபாய் என்பவை வரம்புகள். யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் எம்டிஆர் அறவே கிடையாது.

இதைப் படித்ததும் அறிக்கையை மறுபடியும் எடுத்தேன். ஐந்து ஆர்டர்களில் மூன்று யுபிஐ வழியாக வந்தவை. அவற்றிலும் 59 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. எம்டிஆர் இல்லாத இடத்தில் எதற்குக் கட்டணம் என்று எழுதிக் கேட்டேன். அது எம்டிஆர் அல்ல, பணம் பெறும் பக்கம், அறிக்கைகள், திருப்பித் தரும் வசதி ஆகியவற்றுக்கான எங்கள் தளக் கட்டணம், ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், இருக்கத்தான் செய்தது. சேவைக்குக் கட்டணம் கேட்பதை நான் தவறென்று சொல்லவில்லை. ஆனால் அடக்கச் செலவு மிகக் குறைவான யுபிஐக்கும், வங்கிக்குப் பெரும் பங்கு கொடுக்க வேண்டிய கிரெடிட் கார்டுக்கும் ஒரே விகிதத்தைப் போட்டு, அதை எளிமையான விலை என்று அழைப்பது எங்களைப் போன்ற சிறு வியாபாரிக்கு நியாயமாக இல்லை என்பது என் உறுதியான கருத்து. 300 ரூபாய் லாபத்தில் 59 ரூபாய் என்பது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2 சதவீதம் என்று கேட்கும்போது இந்த அளவு மனத்தில் பதிவதே இல்லை.

யுபிஐ என்று அறிக்கையில் வருவதெல்லாம் ஒரே வகையும் அல்ல. வங்கிக் கணக்கிலிருந்து நேராக வருவதற்குத்தான் எம்டிஆர் விலக்கு. வாலட்டில் வைத்திருக்கும் பணத்தை யுபிஐ வழியாக வியாபாரிக்குச் செலுத்தினால், 2,000 ரூபாய்க்கு மேல் 1.1 சதவீதம் வரை இண்டர்சேஞ்ச் உண்டு என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து 2,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினாலும் கட்டணம் உண்டு.

ஆடிட்டரிடம் போனபோது வேறு இரண்டு தவறுகள் வெளிப்பட்டன. வங்கியில் வந்த தொகையையே நான் விற்பனையாக எழுதி வந்திருந்தேன். "வாடிக்கையாளருக்கு பில் 2,500க்குத்தானே போட்டீங்க? அப்ப விற்பனை 2,500தான். பிடிச்சது உங்க செலவும்மா" என்றார் அவர். விற்பனையைக் குறைத்து எழுதினால் ஜிஎஸ்டி கணக்கிலும் விற்றுமுதல் குறைந்து, பில்களோடு ஒத்துப்போகாமல் பின்னால் நோட்டீஸ் வரும் நிலை ஏற்படும். மூன்று மாதக் கணக்கை உட்கார்ந்து திருத்தினோம்.

இரண்டாவது தவறு பணமாகவே இழப்பை உண்டாக்கியது. கட்டணத்தின்மேல் போடும் 18 சதவீத வரியை, பதிவு பெற்ற வியாபாரியாகிய நாங்கள் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு நிறுவனம் மாதந்தோறும் கொடுக்கும் வரிப் பில்லில் எங்கள் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். பதிவின்போது சான்றிதழைப் பதிவேற்றினேனே தவிர, பில் விவரம் கேட்கும் பக்கத்தில் எண்ணை நிரப்பாமல் விட்டிருந்தேன். அதனால் அந்த மாதங்களின் பில்கள், எடுத்துக்கொள்ளக்கூடிய வரி வரவைக் காட்டும் எங்கள் ஜிஎஸ்டிஆர் 2பி அறிக்கையில் வரவே இல்லை. எண்ணைச் சேர்த்த மறுமாதத்திலிருந்து வருகிறது. பழைய மாதங்களுக்குத் திருத்திய பில் கேட்டோம், இரண்டு மாதங்களுக்கு மட்டும் கொடுத்தார்கள்.

ரவிக்கைத் துணி போன்ற சிறிய பொருட்களை விற்பவர்களுக்கு இன்னொரு செய்தி பயன்படும். 2,000 ரூபாய் வரையிலான கார்டுப் பரிவர்த்தனைகளின் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு ஏற்கெனவே இருந்தது. ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்கு உட்பட்ட பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கும் (வியாபாரிகளுக்காகப் பணத்தைப் பெற்றுத் தரும் நிறுவனங்கள்) அந்த விலக்கு பொருந்தும் என்று 2024 டிசம்பரில் நடந்த 55ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்தில் தெளிவுபடுத்தினார்கள். உங்கள் அறிக்கையில் அத்தகைய பரிவர்த்தனைகளுக்கும் வரி பிடித்திருந்தால் காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

கட்டணம் எந்தத் தொகையின்மேல் கணக்கிடப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் 2,500 ரூபாயில் ஏறத்தாழ 119 ரூபாய் அரசுக்குப் போகும் 5 சதவீத ஜிஎஸ்டி. 100 ரூபாய் கூரியர்காரருக்குப் போவது. எங்களுடையது அல்லாத இந்த 219 ரூபாய்க்கும் சேர்த்தே 2 சதவீதம் கழிகிறது. விலையை மாற்றி நிர்ணயிக்கும்போது நான் செய்த பிழை ஒன்றும் இதோடு சேர்ந்தது. கையில் 2,500 நிற்க வேண்டும் என்றால் 59ஐக் கூட்டி 2,559 என்று வைத்தால் போதும் என்று நினைத்தேன். கட்டணம் புதிய விலையின்மேல் அல்லவா கழியும்? 2,559 வைத்தால் 2,498 ரூபாய் 61 காசுதான் நிற்கும். 2,500ஐ 0.9764ஆல் வகுக்க வேண்டும், அப்போது 2,560 ரூபாய் 43 காசு வரும்.

கடைசியில் விலையை நாங்கள் ஏற்றவில்லை. கார்டு போட்டால் கூடுதலாக 2 சதவீதம் என்று வாடிக்கையாளரிடம் வாங்கவும் மனம் வரவில்லை. டெபிட் கார்டுக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் வியாபாரி ஏற்றாமல் வங்கிகள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முன்பு சொன்ன ரிசர்வ் வங்கி உத்தரவிலேயே இருக்கிறது. மாறாக, வாட்ஸ்அப்பில் பேசி வாங்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வங்கி கொடுத்த யுபிஐ க்யூஆர் குறியீட்டை அனுப்புகிறோம். வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் செலுத்தினால் அதில் கழிவே கிடையாது. ஆனால் அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பொட்டலம் கட்டுவதில்லை, வங்கிச் செயலியில் வரவைப் பார்த்த பிறகே கட்டுகிறோம். இரவு பத்து மணிக்கு வரும் ஆர்டருக்கும் யாராவது விழித்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இணையதளத்தில் அந்த வேலை தானாக நடக்கிறது என்பதையும் மறுக்க முடியாது.

திருப்பி அனுப்பிய அந்தச் சேலைக்கான 59 ரூபாய் மட்டும் எங்களுக்குத் திரும்பவில்லை. வாடிக்கையாளருக்கு முழு 2,500 போய்விட்டது, முதலில் கழித்த கட்டணத்தை நிறுவனம் வைத்துக்கொண்டது. அதையும் ஒப்பந்தத்தில் படித்தோம். நிறத்தால் சேலைகள் திரும்பி வருவது குறைய வேண்டும் என்று, இப்போது ஒவ்வொரு சேலையையும் வாசல் வெளிச்சத்தில் அம்மா பிரித்துப் பிடிக்க, பத்து விநாடி வீடியோ எடுத்து வாங்குபவருக்கு அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகே அனுப்புகிறேன். அம்மாவின் நோட்டில் விற்பனை, கட்டணம், வரி, திருப்பிக் கொடுத்தது, வரவு என்று ஐந்து பத்திகள் விழுந்திருக்கின்றன. யுபிஐக்கும் டெபிட் கார்டுக்கும் தனி விகிதம் கேட்டு எழுதிய கடிதத்துக்கு, விற்பனை அளவைப் பார்த்து முடிவு சொல்வதாக நிறுவனம் பதில் அனுப்பியிருக்கிறது. அடுத்த மாத அறிக்கையோடு மறுபடியும் எழுதப் போகிறேன்.