பெற்றோருடன் வந்தால் பார்க்கலாம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்?' என்னும் 1966ஆம் ஆண்டுப் படத்தைப் போட்டபோது, பிளஸ் டூ படிக்கும் மகனும் வந்து உட்கார்ந்துகொண்டான். மலையாளத் துணைவரிகளை என்னைவிட வேகமாக வாசிப்பவன் அவன். அவனை எழுந்து போகச் சொல்லவும் மனம் வரவில்லை, இருக்கட்டும் என்று விடவும் துணிவில்லை.

எட்வர்ட் ஆல்பீயின் நாடகத்தை மைக் நிக்கல்ஸ் தம் முதல் படமாக எடுத்தார். வரலாற்றுப் பேராசிரியர் ஜார்ஜும், கல்லூரித் தலைவரின் மகளான அவர் மனைவி மார்த்தாவும், நள்ளிரவுக்குப் பின் வீட்டுக்கு வரும் இளம் தம்பதியின் முன்னிலையில் விடியும்வரை குடித்து, ஒருவர் மானத்தை ஒருவர் வாங்குவதே கதை. 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறையிலிருந்த ஹாலிவுட்டின் தணிக்கை விதிகளின்படி இத்தகைய வசனங்கள் திரையில் ஒலிக்கவே கூடாது. இருந்தும் இப்படத்துக்கு விலக்கு அளித்து, 18 வயது நிரம்பாதவர்கள் பெற்றோருடன் வந்தாலன்றி அனுமதியில்லை என்ற நிபந்தனையோடு வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில், 1968இல், அந்த விதிகளே கைவிடப்பட்டு வயதுவாரித் தரப்பிரிப்பு வந்தது.

ஆனால் எதிலிருந்து சிறுவர்களைக் காக்க நினைத்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வசைச்சொற்கள் உண்டு, பிறன்மனை நாட்டம் உண்டு. திரையில் உடல் என்று காட்டப்படுவது அனேகமாக ஒன்றுமில்லை. முப்பதுகளில் இருந்த எலிசபெத் டெய்லர் ஐம்பதைத் தாண்டியவராகத் தோன்ற, நிஜ வாழ்விலும் அவருடைய கணவரான ரிச்சர்ட் பர்ட்டன் எதிரே நிற்க, ஹாஸ்கெல் வெக்ஸ்லரின் கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு அந்த முகங்களின் ஒரு சுருக்கத்தையும் மறைக்காமல் காட்டுகிறது. எதிராளிக்கு எங்கே வலிக்கும் என்பதை நெடுங்காலம் உடன் வாழ்ந்தவர்களே அறிவார்கள். அந்த இடத்தைத் தேடித் தேடி அடிப்பதைத்தான் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"ஏனுங்க, பக்கத்து வீட்டுல ராத்திரியானா கேக்கறதை விடவா இதுல இருக்குது? பையன் உக்காரட்டும்," என்றாள் மனைவி. ஒற்றைச் சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகளில் வளர்ந்த பிள்ளைக்குத் தணிக்கை என்ன செய்யும்?

உண்மையில் வயது வந்தவர்களுக்கான பகுதி முடிவில்தான் வருகிறது. இரவெல்லாம் பேசப்பட்ட மகன் இறந்துவிட்டதாக ஜார்ஜ் அறிவிக்கிறார். பிள்ளைப்பேறு இல்லாத இருவரும் சேர்ந்து கற்பனையில் வளர்த்த மகன் அவன் என்பது அப்போதுதான் தெளிவாகிறது.

"இல்லாத பையனுக்கு அந்தம்மா எதுக்குப்பா இப்பிடி அழுவறாங்க?" என்று மகன் கேட்டான்.

எனக்கு விடை தெரியும். ஆனால் மனைவி அருகில் இருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன் இவன். அந்த ஆண்டுகளில், பிறக்காத பிள்ளைக்கு நாங்களும் ஒரு பெயர் வைத்திருந்தோம். அதை இவனுக்கு வைக்கவில்லை.