ஏற்றம் ஏமாற்றும்: எங்கடின் மலையில் கரேரா 4, குளிர்கால நாட்குறிப்பு

அக்டோபர் 19

எங்கடின் பள்ளத்தாக்கு இருக்கும் சுவிட்சர்லாந்தில் குளிர்கால டயர் கட்டாயம் என்று பொதுச் சட்டம் இல்லை. ஆனால் கோடை டயரோடு மலையில் நின்று வழியை மறித்தாலோ யார் மீதாவது இடித்தாலோ, பழி ஓட்டியவர் தலையில்தான் விடியும். ஊர்க் கணக்கு எளிது: அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை.

வண்டி 992 தலைமுறை போர்ஷே 911 கரேரா 4, நான்கு சக்கரமும் இழுக்கும் மாடல். டயர் முன்னால் 235/40 ஆர்19, பின்னால் 295/35 ஆர்20. அளவு வேறு என்பதால் முன்னதைப் பின்னால் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமப்படுத்த முடியாது. பக்கச்சுவரில் மூன்று சிகரமும் அதற்குள் பனித்துகளும் சேர்ந்த சின்னம் இருக்க வேண்டும். எம்+எஸ் (சேறு, பனி) என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. சட்டப்படி 1.6 மி.மீ. பள்ளம் போதும், பனியில் 4 மி.மீ.க்குக் கீழே போன டயரால் பயனில்லை. ரப்பரில் உள்ள மெல்லிய கீறல்களின் விளிம்புதான் பனியைக் கவ்வுகிறது. தேயத் தேய அந்த விளிம்பு வளைந்து கொடுப்பதை நிறுத்திவிடும்.

ஒரு அச்சில் புதுசு, மறு அச்சில் பழசு என்று போடுவது இந்த வண்டிக்கு ஆகாது. முன் அச்சுக்கு விசையைப் பிரித்துக் கொடுப்பது பல தட்டு கிளட்ச். டயர்ச் சுற்றளவு சரியான விகிதத்தில் இல்லையென்றால், நேர்ச்சாலையிலும் ஏதோ சக்கரம் வழுக்குவதாகவே கணினி நினைக்கும். நான்கும் ஒரே தயாரிப்பு, ஒரே மாடலாக இருக்கட்டும்.

நவம்பர் 9

காற்று. 18 டிகிரி கராஜில் சரியாக அடித்த டயர், மைனஸ் 12-இல் சுமார் 0.3 பார் குறைந்திருக்கும். காலையில் எச்சரிக்கை விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் பஞ்சர் காரணமல்ல. வெளியே இரவு முழுக்க நின்ற டயரை, ஓட்டுவதற்கு முன் அளந்து சரிசெய்ய வேண்டும். பனியில் பிடிப்புக் கிடைக்கும் என்று காற்றைக் குறைப்பது மணல்வெளி ஆலோசனை. இவ்வளவு தாழ்ந்த பக்கச்சுவருள்ள டயரில் அதனால் ரிம் அடிபடுவதுதான் மிச்சம்.

பெட்ரோல் டேங்க் முன்னால் இருக்கிறது; அதை நிரப்பியே வைப்பது நல்லது. 60 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 45 கிலோ. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் முன் சக்கரத்தில் பாரம் குறைவு. பனியில் ஸ்டியரிங் திருப்பியும் மூக்கு நேராகவே போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். சங்கிலி, மண்வெட்டி, கயிறு, ஒரு பை மணல் எல்லாம் முன் டிக்கிக்கே போகட்டும். ஒரு எச்சரிக்கை: அந்த டிக்கி மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி செத்தால் மண்வெட்டி உள்ளே, நீங்கள் வெளியே. அவசரமாகத் திறக்கும் முறையைக் கையேட்டில் இப்போதே படித்துவிடுவது உத்தமம்.

டிசம்பர் 4

பிவியோ கிராமத்திலிருந்து ஜூலியர் கணவாய் (2284 மீ.). மிதித்து இறுகிய பனி, மைனஸ் 6. ஃப்ளூவேலா, ஆல்புலா கணவாய்கள் குளிர்காலத்தில் மூடிக் கிடக்கும். ஜூலியரை ஆண்டு முழுக்கத் திறந்து வைக்கப் பார்ப்பார்கள்.

ஏற்றத்தில் கரேரா 4 கிட்டத்தட்ட வெட்கமில்லாமல் ஏறும். இறுகிய பனியில் உராய்வுக் கெழு சுமார் 0.25. நான்கு சக்கரமும் இழுத்தால் ஏட்டுக் கணக்கில் 25% சரிவு வரை ஏறலாம். இதே வண்டியில் பின் சக்கரம் மட்டும் இழுத்தால் 15, 16 சதவீதத்தோடு சரி. ஆபத்தும் இங்கேதான் பிறக்கிறது. பின் சக்கர வண்டி முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாலை ஆட்டி, சாலை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடும். ஆல்வீல் டிரைவ் அந்தச் செய்தியை மறைத்துவிடுகிறது.

சாலையின் உண்மையைக் கேட்க வேண்டியது பிரேக்கிடம். பின்னால் யாரும் வராத நேர்ப்பகுதியில், 25 கி.மீ. வேகத்தில், ஏபிஎஸ் துடிக்கும் வரை அழுத்திப் பார்க்கலாம். லேசாகத் தொட்டதுமே துடித்தால், ஏறிய தைரியத்தில் இறங்கக் கூடாது.

டிசம்பர் 5

இறக்கம். பிரேக் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. இதில் கரேரா 4-க்குத் தனிச் சலுகை ஏதும் கிடையாது.

50 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும் தூரம், பிரேக் பிடித்த பிறகு மட்டும்: காய்ந்த தாரில் சுமார் 12 மீட்டர், சமதளப் பனியில் 39, பனிக்கட்டியில் (கெழு 0.1) ஏறக்குறைய 100. இனி 10% இறக்கத்தைச் சேருங்கள். பனியில் 39 என்பது 65 ஆகிறது. பனிக்கட்டியில்? பிடிப்பு 0.1, சரிவு 0.1, மிச்சம் பூஜ்யம். வண்டி நிற்கவே நிற்காது. ஏபிஎஸ் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இந்தக் கழித்தலை மாற்ற முடியாது. அதே பனி இறக்கத்தில் 30 கி.மீ. என்றால் சுமார் 24 மீட்டர். ஆகவே வேகத்தை வளைவில் அல்ல, உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்பது நம் ஊர் மலைப்பாதைப் பாடம்; இங்கும் அது செல்லும், ஒரு திருத்தத்தோடு. பிடிகே என்ற தானியங்கி கியர்பெட்டியைக் கையியக்கத்தில் வைத்து இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். ஆனால் கியரை வளைவுக்கு முன்பே, நேர்ப்பகுதியிலேயே, ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். வளைவுக்குள் சட்டென ஒரு கியர் இறக்கினால் எஞ்சினின் தடை பெரும்பாலும் பின் சக்கரத்தில் விழும். அது ஒரு கணம் பிடியை விட்டாலும் பின்னால் தொங்கும் எஞ்சின் ஊசல் குண்டு போல வெளியே வீசும். வளைவு நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுப்பதும் இதே விளைவைத்தான் தரும். காலை மெல்ல, அரைவாசி தளர்த்துவதே சரி.

மூக்கு நேராக ஓடினால் இன்னும் திருப்பத்தான் கை போகும். திருப்பக் கூடாது. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திரும்ப விட்டு, காலைத் தளர்த்தி, முன் டயர் மறுபடி கவ்வும் வரை பொறுக்க வேண்டும். அந்த அரை நொடி மிக நீளமாகத் தோன்றும்.

டிசம்பர் 20

கூழ்ப்பனி, பிளஸ் 1. 295 மி.மீ. அகல டயருக்கு இதுதான் மோசமான எதிரி. குறுகிய டயர் கூழை வெட்டிக்கொண்டு இறங்கும், அகல டயர் மேலே மிதக்கும். வெட் மோடு இங்கே உதவும். ஆக்ஸிலரேட்டர் மந்தமாகும், ஸ்போர்ட் மோடுக்குப் போக விடாது. ஆனால் ஈரத்தைக் கண்டுபிடிப்பது முன் சக்கரக் குழிக்குள் இருக்கும் ஒலி உணரிகள். டயர் அடிக்கும் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுத்தான் அறிவுரை சொல்கின்றன. உறைந்த பனிக்கட்டி தண்ணீரை வாரி அடிக்காது. உணரி சும்மா இருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம்.

பனிக்கட்டியைக் காது முதலில் அறியும்: டயர் சத்தம் சட்டென அடங்கும், ஸ்டியரிங் பஞ்சு போல லேசாகும். பனிச்சரிவுத் தடுப்புக் கூரைகளுக்குள் தார் காய்ந்திருக்கும். வெளியேறும் வாயிலில், கூரையிலிருந்து சொட்டிய நீர் உறைந்திருக்கும். கூரைக்குள் கிடைத்த பிடிப்பை நம்பி அங்கே வேகம் கூட்டுபவர்கள் அந்த வாயிலில்தான் மாட்டுகிறார்கள்.

ஜனவரி 8

சமேடான் பள்ளத்தாக்கில் மைனஸ் 19. குளிர்காற்று அடியில் தேங்குவதால் கணவாயைவிடப் பள்ளத்தாக்கில் குளிர் அதிகமாகும் நாட்கள் உண்டு. பிடிப்பு? பூஜ்யத்தருகே இருப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. பனியின் மேல் நீர்ப்படலம் இல்லை. இந்தக் குளிரில் உப்பு பெரிதாக வேலை செய்யாது, பொடிக்கல்தான். முன்னால் போகும் வண்டியிலிருந்து தள்ளியே இருங்கள், கண்ணாடி பிழைக்கும்.

கதவு: 911-இன் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி சில மில்லிமீட்டர் இறங்க வேண்டும். ரப்பரோடு உறைந்திருந்தால் இறங்காது. பலம் காட்டினால் ரப்பர் கிழியும், இல்லையேல் கண்ணாடித் தூக்கி உடையும். முந்தின இரவே ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் தடவுவதுதான் வழி. வெந்நீர் ஊற்றக் கூடாது.

ஜனவரி 9

70 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுக்கம். சக்கர பேலன்ஸ் போகவில்லை. ரிம்மின் உட்புறம் ஒரு பக்கமாகப் பனி அப்பி உறைந்திருக்கிறது. கட்டையால் தட்டி எடுத்தால் தீர்ந்தது.

பிப்ரவரி 3

நீலப் பலகை, நடுவில் சங்கிலி போட்ட டயர்: சங்கிலி கட்டாயம். கீழே 4×4 விலக்கு என்ற துணைப்பலகை இருந்தால் மட்டுமே சும்மா போகலாம். இல்லையென்றால் ஆல்வீல் டிரைவும் சங்கிலி மாட்டித்தான் ஆக வேண்டும். 911-இல் சங்கிலி பின் அச்சுக்கு மட்டும். அதிலும் கையேட்டில் அனுமதித்த டயர் அளவுக்கும் மெல்லிய கண்ணிச் சங்கிலிக்கும் மட்டுமே இடம் இருக்கும். மாட்டி, நூறு மீட்டர் ஓட்டி, நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். வேகம் 50-ஐத் தாண்டக் கூடாது. பின்னால் மட்டும் சங்கிலி இருப்பதால் ஏற்றம் சுகம். இறக்கத்தில் திருப்பும் சக்கரத்துக்கு எந்த உதவியும் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

புதுப்பனி 15 செ.மீ.க்கு மேல் போனால் வயிறு பனியில் ஏறிவிடும், சக்கரத்துக்குப் பாரம் கிடைக்காது. மூக்கை உயர்த்தும் முன் தூக்கி நான்கு செ.மீ. தரும், அதுவும் மெதுவாகப் போகும்போது மட்டும். முன் பம்பரின் இரு ஓரத்திலும் ரேடியேட்டர்கள் உள்ளன. அவற்றின் காற்றுத் துளையில் பனி அடைத்தால் மைனஸ் 10-இலும் எஞ்சின் சூடேறும். சிக்கிக்கொண்டால் பிஎஸ்எம் என்ற வழுக்கல் தடுப்புக் கணினியைத் தற்காலிகமாக அணைத்து, முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி எடுக்கலாம். அணைக்காவிட்டால் அது எஞ்சினைக் கழுத்தைப் பிடித்து நிறுத்திவிடும்.

மார்ச் 14

மலோயா கணவாய். காசாச்சா பக்கம் சில கிலோமீட்டரில் சுமார் 350 மீட்டர் இறக்கம், வளைவு மேல் வளைவு. பகலில் உருகி, நிழலில் நான்கு மணிக்கே உறைகிறது. மஞ்சள் கொம்புப் பலகை உள்ள சாலையில் அஞ்சல் பேருந்து ஓட்டுநர் கை காட்டுவதே சட்டம். அந்த மூன்று சுர ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஒதுங்கி நிற்க வேண்டும்.

உப்பு ஈரம் பிரேக் தட்டில் படலமாகப் படிகிறது. முதல் மிதியில் கடிக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லேசாகத் தொட்டு உலர்த்திக்கொள்ள வேண்டும். வண்டி கழுவிய பின்னும் இதே. ஈரத்தோடு நிறுத்தினால் பேட் தட்டோடு உறையும்.

ஏப்ரல் 21

ஈஸ்டர் முடிந்தது. இருந்தாலும் கணவாய் தாண்டுபவர்கள் இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாம்; ஜூலியரில் மே மாதத்திலும் பனி விழும். கழற்றும் டயரில் எந்த இடத்துச் சக்கரம் என்று சாக்பீசால் எழுதி, பள்ளத்தை அளந்து குறித்துக்கொள்ளவும். இந்த முறை பின்னால் 5 மி.மீ., முன்னால் 6.5. பின் டயர் இன்னொரு குளிர்காலம் தாங்காது, அக்டோபரில் நான்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். போல்ட் இறுக்கம் 160 நியூட்டன் மீட்டர், 50 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி ஒரு சரிபார்ப்பு.