ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு வருடாந்திர டெஸ்ட்: எங்கள் அனுபவம்

என் மகனுக்கு டூஷென் தசைச்சிதைவு, அதாவது தசைகள் மெல்ல மெல்ல பலம் இழக்கும் பரம்பரை நோய். தினமும் டெஃப்லாசகார்ட் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறான். மாத்திரையை ஆரம்பிப்பது சுலபம். அது உடம்புக்குள் வேறென்ன செய்கிறது என்று வருடா வருடம் பார்ப்பதுதான் பெரும்பாடு. ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கித்தான் எல்லாம்.

முதலில் ரத்தம். கல்லீரல் டெஸ்டில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற என்சைம்கள் இரண்டும் நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தன. லேபில் இருந்த தம்பி, "லிவர் அடி வாங்கியிருக்குக்கா, மாத்திரைய நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க" என்றான். ஒரே மூச்சில் இரண்டு தப்பு! அந்த என்சைம்கள் தசையிலிருந்தும் வரும். டூஷென் பிள்ளைகளுக்கு மருந்தே தொடங்காவிட்டாலும் ஏறித்தான் இருக்கும். கல்லீரலைப் பார்க்க, தசையிலிருந்து வராத ஜிஜிடி என்ற என்சைமைக் கேட்டு எடுங்கள். எங்களுக்கு அது நார்மல். ஸ்டீராய்டையோ சட்டென்று நிறுத்தவே கூடாது. உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்காமல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்தது எலும்பு. ஸ்டீராய்டால் முதுகெலும்பு நசுங்கினாலும் சில பிள்ளைகளுக்கு வலியே தெரியாதாம். அதனால் எலும்பு அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனோடு முதுகுக்குப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரேயும் எழுதித் தந்தார் டாக்டர். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவன், மேஜையில் அசையாமல் படுத்திருந்தான், பாவம். கடைசியில் ரிப்போர்ட்டில் பெரியவர்களுக்கான டி ஸ்கோர்! பிள்ளைகளுக்கு அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர்தான் பார்க்க வேண்டும். இவனைப் போல வளர்த்தி குறைந்தவர்களுக்கு உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உட்கார்ந்து சண்டை போட்டுத் திருத்தி வாங்கினோம்.

கண்ணில் புரை, பிபி, சர்க்கரை, உயரம், எடை இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும்.

2022-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் டூஷென் பற்றி ஒரு ஆய்வு வந்தது. 5 நாடுகளில் 196 பையன்களை 3 வருடம் கவனித்தார்கள். தினசரி கொடுத்த பிரெட்னிசோனும் (இன்னொரு ஸ்டீராய்டு) டெஃப்லாசகார்ட்டும், பத்து நாள் கொடுத்து பத்து நாள் நிறுத்திய பிரெட்னிசோனைவிட நன்றாக வேலை செய்தன. டெஃப்லாசகார்ட்டில் எடை அவ்வளவாக ஏறவில்லை, ஆனால் வளர்த்தி அதிகம் குறைந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் என் மகன் 3 வருடத்தோடு நிறுத்தப் போவதில்லையே! அவன் உடம்பில் நடப்பதை வரிசையாகச் சொல்ல எங்கள் ஃபைலை விட்டால் வேறு ஆளில்லை. டோஸ் மாறிய தேதி, அன்றைய எடை, உயரம் எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன. டாக்டர் முதலில் கேட்பதும் அந்தத் தாளைத்தான்.

ஃபைலின் மேல் அட்டையில் சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "தினசரி ஸ்டீராய்டு. திடீரென நிறுத்தக் கூடாது. ஆபரேஷன், கடும் காய்ச்சல் என்றால் கூடுதல் ஸ்டீராய்டு தேவைப்படலாம்." அதன் நகல் ஒன்று கிளாஸ் மிஸ்ஸிடமும் இருக்கிறது.